1887 எஃப்.ஏ. கோப்பை இறுதிப்போட்டி: ஆஸ்டன் வில்லாவும் வெஸ்ட் பிராமிச் ஆல்பியனும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுருக்கமாகச் சொன்னால் அன்று என்ன நடந்தது?

1887 ஏப்ரல் 2, சனிக்கிழமை. லண்டன் கென்னிங்டன் ஓவல் மைதானத்தில், இங்கிலாந்தின் கால்பந்து சங்கம் (சுருக்கமாக எஃப்.ஏ.) நடத்தும் எஃப்.ஏ. கோப்பையின் இறுதிப்போட்டி. ஒரு பக்கம் பர்மிங்ஹாமின் ஆஸ்டன் வில்லா. மறுபக்கம் சில மைல் தள்ளி இருக்கும் வெஸ்ட் பிராமிச் ஆல்பியன். சுமார் 15,500 பேர் பார்த்தார்கள். முதல் பாதியில் கோல் இல்லை. இரண்டாம் பாதியில் டென்னிஸ் ஹாட்ஜெட்ஸ் ஒன்று, தலைவர் ஆர்ச்சி ஹன்டர் ஒன்று. வில்லா 2–0 என்று வென்றது. இங்கிலாந்தின் நடுப்பகுதியான மிட்லேண்ட்ஸுக்குக் கோப்பை போனது அதுதான் முதல் முறை.

முடிவு மட்டும் போதும் என்பவர்களுக்கு இது போதும். ஆனால் இந்த ஆட்டத்தைத் தனியாகப் பார்த்தால் பாதிதான் புரியும் என்பது என் கருத்து. இதே இரண்டு அணிகள் 1892-லும் 1895-லும் மறுபடி இறுதிப்போட்டியில் மோதின. ஒன்பது ஆண்டுகளுக்குள் மூன்று இறுதிப்போட்டிகள். அந்தக் கதையின் முதல் அத்தியாயம் 1887. அதனால் கீழே மூன்றையும் சேர்த்தே பேசுகிறேன்.

இரண்டு அணிகளும் எப்படிப் பிறந்தவை?

வில்லா 1874-ல் தொடங்கியது. வில்லா கிராஸ் வெஸ்லியன் தேவாலயத்தைச் சேர்ந்த கிரிக்கெட் இளைஞர்கள், குளிர்காலத்தில் விளையாட ஏதாவது வேண்டும் என்று ஆரம்பித்தது அது. அந்த அணியை வளர்த்தவர்களில் ஸ்காட்லாந்துக்காரர்கள் பலர். ஜார்ஜ் ராம்ஸே 1876-ல் வந்து சேர்ந்தார். முதலில் தலைவர், பிறகு பல பத்தாண்டுகள் செயலாளர். பந்தை உதைத்துவிட்டுக் கூட்டமாகப் பின்னால் ஓடாமல், ஒருவருக்கொருவர் தட்டிக் கொடுத்து ஆடும் ஸ்காட்லாந்து முறை வில்லாவில் வேரூன்ற அவர் முக்கியக் காரணம். துணிக்கடை வைத்திருந்த வில்லியம் மெக்ரெகரும் ஸ்காட்லாந்துக்காரர்தான். அவரைப் பற்றிப் பின்னால் வருகிறது.

ஆல்பியன் 1878-ல், வெஸ்ட் பிராமிச்சில் இருந்த சால்ட்டர் ஸ்பிரிங் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் தொடங்கியது. தராசும் ஸ்பிரிங்கும் செய்த கைகள். முதலில் அணியின் பெயர் வெஸ்ட் பிராமிச் ஸ்ட்ரோலர்ஸ். ஊரில் கால்பந்து கிடைக்காமல் பக்கத்து ஊரான வெட்னஸ்பரிக்கு நடந்தே போய் வாங்கி வந்ததால் அந்தப் பெயர் என்று ஆல்பியன்காரர்கள் சொல்வது வழக்கம். வெளியூர் ஆட்களைத் தேடிப் போகாமல் சுற்றுவட்டாரத்துப் பையன்களை வைத்தே அணி கட்டியது ஆல்பியனின் பெருமை. 1888-ல் அவர்கள் கோப்பை வென்றபோது ஆடிய பதினொரு பேரும் இங்கிலாந்துக்காரர்கள்.

1887-க்கு முன்பே இவர்களுக்குள் போட்டி இருந்ததா?

இருந்தது. 1884–85 பருவத்தில் எஃப்.ஏ. கோப்பையிலேயே மோதினார்கள். முதல் ஆட்டம் 0–0. மறுஆட்டத்தில் ஆல்பியன் 3–0 என்று வென்று வில்லாவை வெளியே அனுப்பியது. அடுத்த பருவத்தில் ஆல்பியன் இறுதிப்போட்டிக்கே போய்விட்டது. 1886-ல் பிளாக்பர்ன் ரோவர்ஸுடன் ஓவலில் 0–0, பிறகு டார்பியில் நடந்த மறுஆட்டத்தில் 0–2 தோல்வி.

அதாவது 1887-ல் ஆல்பியன்தான் அனுபவசாலி. முந்தைய ஆண்டே இறுதி வரை வந்த அணி. அரையிறுதியில் பலம் பொருந்திய பிரஸ்டன் நார்த் எண்டை 3–1 என்று வீழ்த்திவிட்டு வந்திருந்தார்கள். அவர்கள்தான் ஜெயிப்பார்கள் என்றே பலரும் நினைத்தார்கள். வில்லா அதற்கு முன் இறுதிப்போட்டியைப் பார்த்ததே இல்லை.

வில்லா எந்த வழியாக இறுதிக்கு வந்தது?

முதல் சுற்றில் வெட்னஸ்பரி ஓல்டு அத்லெடிக்கை 13–0 என்று அடித்தார்கள். எல்லாச் சுற்றும் அப்படிச் சுலபமாக இல்லை. மூன்றாம் சுற்றில் எதிரே வந்தது இன்னொரு பக்கத்து ஊர் அணி, வோல்வர்ஹாம்ப்டன் வாண்டரர்ஸ். 2–2. மறுஆட்டம் 1–1. அதற்கும் மறுஆட்டம், 3–3. நான்காவது ஆட்டத்தில்தான் வில்லா 2–0 என்று கரையேறியது. அந்தக் காலத்தில் பெனால்டி ஷூட்அவுட் கிடையாது. முடிவு வரும்வரை ஆடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

அரையிறுதியில் எதிரணி யார் தெரியுமா? கிளாஸ்கோ ரேஞ்சர்ஸ். ஆமாம், ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸேதான். அப்போது ஸ்காட்லாந்து அணிகள் சில இங்கிலாந்தின் கோப்பையிலும் பங்கேற்றன. குரூ நகரத்தில் நடந்த அந்த ஆட்டத்தில் வில்லா 3–1 என்று வென்றது. அந்த ஆண்டே ஸ்காட்லாந்து கால்பந்து சங்கம் தன் அணிகள் வெளிச் சங்கங்களின் கோப்பைகளில் ஆடக் கூடாது என்று தடை விதித்தது. அதனால் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி வரை வந்த ரேஞ்சர்ஸை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை.

பக்கத்து ஊர்க்காரர்கள் ஏன் லண்டன் வரை போய் ஆட வேண்டும்?

கோப்பையின் வீடு அப்போது ஓவல். 1871-ல் இந்தக் கோப்பைக்கான யோசனையை முன்வைத்த சார்லஸ் ஆல்காக், கால்பந்து சங்கத்துக்கும் ஓவலைத் தன் மைதானமாக வைத்திருந்த சர்ரே கிரிக்கெட் கிளப்புக்கும் ஒரே சமயத்தில் செயலாளராக இருந்தவர். 1872-ல் முதல் இறுதிப்போட்டியே அங்கேதான் நடந்தது. இரண்டொரு ஆண்டுகள் தவிர வழக்கம் மாறவில்லை.

ஒரு டிராம் வண்டி தூரத்தில் இருக்கும் இரண்டு ஊர்கள், தங்களுக்குள் யார் பெரியவர் என்று தீர்த்துக்கொள்ள நூறு மைலுக்கு மேல் ரயிலேறிப் போனது இப்படித்தான். அந்த ரயில் பயணத்துக்கு ஒரு பொருள் உண்டு என்று நினைக்கிறேன். கோப்பையின் முதல் பத்தாண்டில் வென்றவர்கள் லண்டன் பக்கத்துக் கனவான்களும், ராணுவ அதிகாரிகளும், பெரிய பள்ளிகளின் பழைய மாணவர்களும். 1883-ல் பிளாக்பர்ன் ஒலிம்பிக், ஈட்டன் பள்ளியின் பழைய மாணவர் அணியான ஓல்டு ஈட்டோனியன்ஸைத் தோற்கடித்தபோது முதல் முறையாக அது உழைப்பாளிகள் கைக்கு வந்தது. 1885-ல் பணம் வாங்கி ஆடுவதைச் சங்கம் சட்டபூர்வமாக்கியது. இரண்டே ஆண்டில், கனவான்களின் மைதானத்தில் இரண்டு தொழில் நகரங்கள் தங்கள் சொந்த வழக்கைத் தீர்த்துக்கொண்டிருந்தன. ஈட்டன், ஆக்ஸ்ஃபோர்டு என்று யாரும் அந்தப் புல்லில் இல்லை.

ஆட்டத்துக்கு எப்படித் தயாரானார்கள்?

வில்லா அணியினரை ஊர் பரபரப்பிலிருந்து விலக்கி, வொர்ஸ்டர்ஷயரில் செவர்ன் ஆற்றங்கரையில் உள்ள ஹோல்ட் ஃப்ளீட் என்ற இடத்துக்கு அழைத்துப் போய்த் தங்கவைத்தார்கள். இன்று எல்லா அணிகளும் செய்வது இது. அன்று, வேலைக்கு லீவு போட்டு ஆட வேண்டியிருந்த தலைமுறை அப்போதுதான் முடிந்துகொண்டிருந்த காலத்தில், இது பெரிய விஷயம்.

யார் யார் ஆடினார்கள்?

வில்லா: ஜிம்மி வார்னர் (கோல்கீப்பர்), ஃபிராங்க் கோல்டன், ஜோசப் சிம்மண்ட்ஸ், ஜான் பர்டன், ஃபிரெடரிக் டாசன், ஹாரி யேட்ஸ், ஆல்பர்ட் பிரவுன், ரிச்மண்ட் டேவிஸ், ஆர்ச்சி ஹன்டர், ஹோவர்ட் வாட்டன், டென்னிஸ் ஹாட்ஜெட்ஸ்.

ஆல்பியன்: பாப் ராபர்ட்ஸ் (கோல்கீப்பர்), ஹாரி கிரீன், ஆல்பர்ட் ஆல்ட்ரிட்ஜ், எஸ்ரா ஹார்டன், சார்லி பெர்ரி, ஜார்ஜ் டிம்மின்ஸ், ஜார்ஜ் வுட்ஹால், டாமி கிரீன், ஜெம் பேலிஸ், வாலி பேடாக், டாம் பியர்சன்.

பின்னால் இரண்டு, நடுவில் மூன்று, முன்னால் ஐந்து. அந்தக் காலத்து வழக்கமான வரிசை அது. பட்டியலில் மூன்று பெயர்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: வார்னர், வாட்டன், ஹாட்ஜெட்ஸ். மூவரும் கதையில் திரும்ப வருவார்கள்.

ஆட்டம் எப்படிப் போனது?

முதல் பாதியில் ஆல்பியன் கை ஓங்கியிருந்தது. முந்தைய ஆண்டு தோற்ற வலியும் பிரஸ்டனை வென்ற தெம்பும் சேர்ந்து அவர்களை உந்தியிருக்கும். ஆனால் கோல் விழவில்லை. பந்து வில்லாவின் பாதியிலேயே இருந்தும் ஆல்பியனுக்குப் பலன் இல்லாமல் இடைவேளை வந்தது.

இடைவேளைக்குப் பிறகு காற்று மாறியது. வலது பக்கத்திலிருந்து ரிச்மண்ட் டேவிஸ் அனுப்பிய பந்து, ஆளில்லாத இடத்தில் நின்ற ஹாட்ஜெட்ஸிடம் வந்தது. அவர் உள்ளே தள்ளினார். அதற்குப் பிறகு ஆல்பியன் சமன் செய்ய முழுமூச்சாக முன்னேறியது, பின்னால் இடம் திறந்தது. கடைசி நிமிடங்களில் ஹன்டர் பாய்ந்து வர, ராபர்ட்ஸ் அவரை நோக்கி வெளியே வர, இருவரும் மோதிக்கொண்டே விழும் நேரத்தில் ஹன்டர் காலை நீட்டிப் பந்தைக் கோட்டைத் தாண்டித் தட்டிவிட்டார். 2–0.

முதல் கோல் ஆஃப்சைடு என்கிறார்களே, உண்மையா?

இந்தப் போட்டியைப் பற்றி அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. அன்றைக்கே கிளம்பிய சர்ச்சை.

முதலில் அன்றைய விதி. சக வீரர் பந்தைக் கொடுக்கும்போது எதிரணியின் கோலுக்கு மிக அருகே போய் நிற்பதுதான் ஆஃப்சைடு. இன்று தாக்கும் வீரருக்கும் கோல் கோட்டுக்கும் நடுவே எதிரணியினர் இருவர் இருந்தால் போதும். 1925 வரை மூவர் வேண்டும். கோல்கீப்பரையும் சேர்த்து மூன்று பேர். அதனால் ஆஃப்சைடில் மாட்டுவது மிகச் சுலபம். ஆளில்லாத இடத்தில் ஒரு முன்கள வீரர் பந்தை வாங்கினால், எதிரணியினர் உடனே கையைத் தூக்குவார்கள்.

அடுத்து, தீர்ப்புச் சொல்லும் முறை. அப்போது நடுவர் தானாக விசில் ஊதி எல்லாவற்றையும் நிறுத்துபவர் இல்லை. மைதானத்தில் இரண்டு அம்பயர்கள் இருப்பார்கள். வீரர்கள் கிரிக்கெட்டில் கேட்பது போலவே முறையீடு செய்ய வேண்டும். இரண்டு அம்பயர்களும் ஒத்துப்போகாவிட்டால்தான் விவகாரம் நடுவரிடம் போகும். அன்றைய நடுவர் மேஜர் ஃபிரான்சிஸ் மாரிண்டின். கால்பந்து சங்கத்தின் தலைவரே அவர்தான். 1884 முதல் 1890 வரை எல்லா இறுதிப்போட்டிக்கும் அவர்தான் நடுவர்.

ஹாட்ஜெட்ஸிடம் பந்து வந்ததும் ஆல்பியன் வீரர்கள் ஆஃப்சைடு என்று முறையிட்டார்கள். கோல்கீப்பர் ராபர்ட்ஸும் ஆஃப்சைடுதான் என்று நம்பி, தடுப்பதற்கு முழு முயற்சி எடுக்கவில்லை என்று சொல்லப்படுகிறது. முறையீடு ஏற்கப்படவில்லை. கோல் நின்றது.

ராபர்ட்ஸ் சாதாரண ஆள் இல்லை. இங்கிலாந்து அணிக்கு ஆடிய முதல் ஆல்பியன் வீரர் அவர். அதுவும் அதே 1887-ல், இந்த இறுதிப்போட்டிக்குச் சில வாரங்களுக்கு முன்புதான். ஆஜானுபாகுவான மனிதர். அவர் முழு மனதோடு பாய்ந்திருந்தால் பந்து நின்றிருக்குமா? புகைப்படம் கிடையாது, படச்சுருள் கிடையாது. ஹாட்ஜெட்ஸ் நின்ற இடத்தை இனி அளக்க வழியில்லை. ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்வேன்: தீர்ப்பு வரும்வரை ஆட வேண்டும் என்பது 1887-லும் எல்லா வீரர்களுக்கும் தெரிந்த பாடம். முறையீடு என்பது வேண்டுகோள்தான், ஆட்டத்தை நிறுத்தும் அதிகாரம் அதற்கு இல்லை. வில்லா திருடி ஜெயித்தது என்று பேசுவது நியாயமில்லை. இரண்டாவது கோலையும் சேர்த்துத்தானே அவர்கள் வென்றார்கள்.

கோல்கீப்பரை மோதித் தள்ளி கோல் போடலாமா?

அன்று போடலாம். கோல்கீப்பரைத் தோளால் இடிப்பது விதிக்குள் அடங்கியது. ஹன்டரின் கோலைக் குறித்து யாரும் புகார் சொல்லாததற்கு அதுதான் காரணம். மைதானமும் வேறு மாதிரி இருந்தது. கோல் வலை இல்லை, பெனால்டி இல்லை, பெனால்டி கட்டமும் இல்லை. பந்து கம்பத்துக்கு உள்ளே போனதா வெளியே போனதா என்பதே சில சமயம் சண்டையாகும். வலையும் பெனால்டியும் 1891-ல்தான் வந்தன.

ஆர்ச்சி ஹன்டர் யார்?

வில்லாவின் முதல் பெரிய நாயகன். ஸ்காட்லாந்தின் எர்ஷயரில் 1859-ல் பிறந்தவர். 1878-ல் பர்மிங்ஹாமுக்கு வந்தபோது அவர் தேடியது வில்லாவை இல்லை, கால்தார்ப் என்ற வேறொரு அணியை. உடன் வேலை பார்த்த ஒருவர் சொல்லித்தான் வில்லா பக்கம் வந்தார் என்பார்கள். பர்மிங்ஹாம் கால்பந்தின் வரலாறு அந்த ஒரு வழிகாட்டலில் திரும்பியிருக்கிறது.

1886–87 பருவத்தில் கோப்பையின் ஒவ்வொரு சுற்றிலும் கோல் போட்டார். அப்படிச் செய்த முதல் வீரர் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். தலைவராகக் கோப்பையைக் கையில் வாங்கும்போது அவருக்கு வயது முப்பது கூட ஆகவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் மனம் கனக்கிறது. 1890 ஜனவரியில் எவர்ட்டனுக்கு எதிரான ஆட்டத்தில் மைதானத்திலேயே மாரடைப்பு வந்து விழுந்தார். அதோடு அவருடைய ஆட்ட வாழ்க்கை முடிந்தது. உடல் தேறவே இல்லை. 1894 நவம்பரில் 35 வயதில் காலமானார். கடைசி நாட்களில், வில்லாவின் அன்றைய மைதானமான பெர்ரி பாருக்குப் போகும் கூட்டத்தைப் பார்க்கத் தன்னைப் படுக்கையில் நிமிர்த்தி உட்காரவைக்கச் சொன்னார் என்று வில்லா ரசிகர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள். விட்டன் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். வில்லாவின் இன்றைய மைதானமான வில்லா பார்க்கிலிருந்து அது அதிக தூரமில்லை.

தோற்ற ஆல்பியன் என்ன ஆனது?

இரண்டு ஆண்டு தொடர்ந்து இறுதியில் தோல்வி, இரண்டு முறையும் ஒரு கோல் கூடப் போடவில்லை. வேறு அணியாக இருந்தால் கலைந்திருக்கும். ஆல்பியன் 1888-ல் மூன்றாவது முறையாக இறுதிக்கு வந்தது. எதிரே பிரஸ்டன், அப்போது நாட்டிலேயே பலமான அணி. ஆட்டத்துக்கு முன்பே கோப்பையோடு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று பிரஸ்டன்காரர்கள் கேட்டதாகவும், முதலில் ஜெயிக்க வேண்டாமா என்று மேஜர் மாரிண்டின் திருப்பிக் கேட்டதாகவும் புகழ்பெற்ற கதை ஒன்று உண்டு. ஆல்பியன் 2–1 என்று வென்றது. பேலிஸ் ஒன்று, வுட்ஹால் ஒன்று. இருவருமே 1887-ல் தோற்ற அணியில் இருந்தவர்கள். அந்த அணியில் புதிதாக வந்திருந்த வெஸ்ட் பிராமிச் பையன் பில்லி பாசெட், பிற்காலத்தில் ஆல்பியன் கிளப்பின் நிர்வாகத் தலைவராகவே ஆனார்.

லீக் போட்டி தொடங்கியதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நேரடியாக இல்லை. ஆனால் வேர் ஒன்றுதான். 1887-ல் லீக் கிடையாது. கோப்பை ஆட்டங்களைத் தவிர மற்றதெல்லாம் நட்பு ஆட்டங்கள். கோப்பையில் மறுஆட்டம் வந்தால் ஏற்கெனவே பேசிவைத்த நட்பு ஆட்டம் ரத்தாகும். டிக்கெட் வசூல் போகும், ரசிகர்களுக்கு ஏமாற்றம். ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் மட்டும் வாரம் தவறாமல் கொடுக்க வேண்டும். வில்லாவும் வோல்வர்ஹாம்ப்டனும் ஒரே சுற்றை முடிக்க நான்கு ஆட்டம் ஆடியதை மேலே சொன்னேனே, அதை ஒரு கிளப் நிர்வாகியின் கண்ணால் பாருங்கள்.

அந்தத் துணிக்கடைக்காரர் மெக்ரெகர் பார்த்தார். 1888 மார்ச் 2 அன்று சில கிளப்புகளுக்குக் கடிதம் எழுதினார். நிச்சயமான நாட்களில், நிச்சயமான ஆட்டங்கள் வேண்டும் என்பதுதான் யோசனை. கடிதம் போன இடங்களில் வெஸ்ட் பிராமிச் ஆல்பியனும் ஒன்று. உள்ளூர் எதிரியை விட்டுவிட்டு லீக் தொடங்க முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. செப்டம்பர் 8 அன்று பன்னிரண்டு அணிகளோடு ஃபுட்பால் லீக் தொடங்கியது. உலகத்தின் மற்ற கால்பந்து லீக்குகளுக்கெல்லாம் முன்மாதிரி அதுதான்.

1892-ல் ஆல்பியன் பழி தீர்த்ததா?

தீர்த்தது, அதுவும் பலமாக. இந்த முறை நிலைமை தலைகீழ்: வெல்லும் என்று எல்லோரும் எதிர்பார்த்தது வில்லாவை. 1892 மார்ச் 19, மறுபடியும் ஓவல். ஆல்பியன் 3–0. கெடஸ், நிக்கல்ஸ், ரெனால்ட்ஸ் ஆளுக்கொரு கோல். இறுதிப்போட்டியில் கோல் வலை கட்டப்பட்டது அன்றுதான் முதல் முறை. ஓவலில் நடந்த கடைசி எஃப்.ஏ. கோப்பை இறுதியும் அதுதான்.

வில்லா கோல்கீப்பர் ஜிம்மி வார்னர், 1887-ல் ஒரு கோலும் விடாத அதே ஆள், அன்று பழி முழுவதையும் சுமந்தார். பணம் வாங்கிக்கொண்டு ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார் என்று வதந்தி கிளம்பியது. அவர் நடத்திவந்த மதுக்கடையின் ஜன்னல்களைக் கூட்டம் உடைத்தது. குற்றச்சாட்டு எந்த இடத்திலும் நிரூபிக்கப்படவில்லை. அவர் வில்லாவை விட்டு நியூட்டன் ஹீத்துக்குப் போனார். பிற்காலத்தில் மான்செஸ்டர் யுனைடெட் ஆன அணி அது. ஐந்தாண்டுக்கு முன் கோப்பையோடு ஊர் திரும்பிய மனிதருக்கு நடந்த இந்த அநியாயம், உள்ளூர்ப் போட்டியின் கசப்பான முகம். பெருமையாகப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1895?

1895 ஏப்ரல் 20. இடம் மாறிவிட்டது, லண்டனின் கிரிஸ்டல் பேலஸில் நடந்த முதல் இறுதிப்போட்டி. 42,560 பேர். ஆட்டம் தொடங்கி 30 விநாடிகளில் வில்லா கோல் போட்டது. பாப் சாட் பெயரில் பதிவான கோல், சிலர் ஜான் டேவிக்குக் கொடுக்கிறார்கள். உள்ளே நுழைந்துகொண்டிருந்த பலர் அதைப் பார்க்கவே இல்லை. அதற்குப் பிறகு கோல் விழவில்லை. வில்லா 1–0.

1892-ல் ஆல்பியனுக்காக கோல் போட்டு வில்லாவை அழவைத்த ஜான் ரெனால்ட்ஸ் இந்த முறை வில்லா சட்டையில் ஆடினார். டென்னிஸ் ஹாட்ஜெட்ஸ் மூன்று இறுதிகளிலும் வில்லாவுக்கு ஆடினார். 1887-ல் அந்த சர்ச்சைக்குரிய கோல், 1892-ல் தோல்வி, 1895-ல் மறுபடி கோப்பை. ஒரே எதிரியோடு மூன்று இறுதி ஆடிய அனுபவம் எத்தனை வீரர்களுக்குக் கிடைக்கும்?

1887-ல் கொடுத்த கோப்பை இப்போது எங்கே?

எங்கேயும் இல்லை. 1872 முதல் கொடுக்கப்பட்டுவந்த அந்த முதல் கோப்பை மிகச் சிறியது, ஒன்றரை அடி உயரம்தான். 20 பவுண்டு செலவில் செய்தது. 1895-ல் வில்லா வென்ற பிறகு, பர்மிங்ஹாமில் விளையாட்டுப் பொருட்கள் விற்கும் வில்லியம் ஷில்காக் என்பவரின் கடையில், நியூடவுன் ரோ தெருவில், ஜன்னலில் காட்சிக்கு வைத்தார்கள். செப்டம்பர் 11 இரவு திருடு போனது. 10 பவுண்டு பரிசு அறிவித்தும் கிடைக்கவில்லை. வில்லாவுக்கு 25 பவுண்டு அபராதம். 1958-ல் 83 வயது முதியவர் ஒருவர், தான்தான் எடுத்ததாகவும் உருக்கிக் கள்ள நாணயம் வார்த்ததாகவும் ஒரு பத்திரிகையிடம் சொன்னார். அவர் சொன்ன விவரங்கள் அன்றைய செய்திகளோடு சரியாகப் பொருந்தவில்லை. அதனால் சந்தேகம் இன்றும் தீரவில்லை.

புதிதாக அதே அச்சில் ஒரு கோப்பை செய்ய வேண்டியிருந்தது. 1893-ல் வென்ற வோல்வர்ஹாம்ப்டன், தன் வீரர்களுக்குக் கோப்பையின் சின்ன நகல்களைச் செய்து கொடுத்திருந்தது அப்போது உதவியது. வேலையைச் செய்தது பர்மிங்ஹாமின் வாட்டன்ஸ் நிறுவனம். ஆமாம், 1887 பட்டியலில் நினைவு வைக்கச் சொன்னேனே, அந்த ஹோவர்ட் வாட்டனின் நிறுவனம். 1882-ல் அயர்லாந்துக்கு எதிராக இங்கிலாந்துக்காக முதல் ஆட்டத்திலேயே ஐந்து கோல் போட்டவர், 1887-ல் அசல் கோப்பையை வென்றவர். எட்டு ஆண்டு கழித்து, தொலைந்துபோன அதே கோப்பைக்கு மாற்று செய்து கொடுத்திருக்கிறார். இந்தப் போட்டியைப் பற்றிப் படித்ததில் எனக்கு மிகவும் பிடித்த தகவல் இது.

அந்த இரண்டாவது கோப்பை 1910 வரை பயன்பட்டது. 2005-ல் ஏலத்தில் 4,78,400 பவுண்டுக்கும், 2020-ல் 7,60,000 பவுண்டுக்கும் கைமாறியது.

மொத்தக் கணக்கு என்ன?

மூன்று இறுதிகளில் வில்லா இரண்டு, ஆல்பியன் ஒன்று. வில்லா இதுவரை ஏழு முறை எஃப்.ஏ. கோப்பை வென்றிருக்கிறது, கடைசியாக 1957-ல். ஆல்பியன் ஐந்து முறை, கடைசியாக 1968-ல்.

உள்ளூர் எதிரிகள் கோப்பை இறுதியில் மோதிய வேறு போட்டிகள் உண்டா?

நிறைய. எடின்பரோவின் ஹார்ட்ஸும் ஹிபர்னியனும் 1896 ஸ்காட்டிஷ் கோப்பை இறுதியில் மோதின, ஹார்ட்ஸ் 3–1. இறுதி கிளாஸ்கோவுக்கு வெளியே நடந்தது அந்த ஒரு முறைதான். 1931-ல் ஆல்பியன் மறுபடி ஒரு பக்கத்து அணியை, பர்மிங்ஹாமை, வெம்ப்ளியில் 2–1 என்று வென்றது. லிவர்பூலும் எவர்ட்டனும் 1986, 1989 இரண்டிலும் மோதின, இரண்டிலும் லிவர்பூல். 2023-ல் மான்செஸ்டரின் இரண்டு அணிகளும் முதல் முறையாக இறுதியில் சந்தித்தபோது, சிட்டியின் குண்டோகன் 13 விநாடிகூட முழுதாக ஆகாமல் கோல் போட்டார். 1895-ல் வில்லா போட்ட 30 விநாடி கோலின் சாதனையை 2009-ல் எவர்ட்டனின் லூயி சாஹா 25 விநாடியில் முறியடித்திருந்தார். குண்டோகன் அதையும் பாதியாக்கிவிட்டார்.